புதுத் துப்பாக்கியில் பழுது: பட்டறைக்கா, டீலருக்கா, ஆணையத்துக்கா?

பெரம்பூரில் குடியிருந்து, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சிஎன்சி பட்டறையில் மேற்பார்வையாளராக வேலை பார்க்கும் 42 வயது வாசகர் எழுதியிருக்கிறார். பெயர், கடை, கம்பெனி, மாடல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அவர் கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

"மேடம், ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து, கிளப் துப்பாக்கியிலேயே சில வருஷம் சுட்டுப் பழகி, அலைந்து திரிந்து லைசென்ஸ் வாங்கினேன். நான்கு மாதம் முன்பு ஒரு டீலரிடம் புத்தம் புது பாயின்ட் 22 போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் வாங்கினேன். ஒரு லட்சத்துக்கு மேல் ஆயிற்று. முதல் நாளிலிருந்தே தொல்லை. போல்ட்டை (தோட்டாவைப் பின்னாலிருந்து தள்ளிப் பூட்டும் பாகம்) உள்ளங்கையால் தட்டினால்தான் முழுசாக இறங்குகிறது. சில நேரம் சுட்ட ஓடு சேம்பரிலேயே (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) சிக்கிக்கொள்கிறது. ஸ்க்ரூடிரைவர் முனையால் நெம்பி எடுக்கிறேன். பத்தில் ஒரு தோட்டா வெடிப்பதில்லை. அதையே மறுபடி அடித்தால் வெடிக்கிறது. 50 மீட்டரில் ஐந்து குண்டும் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறுகின்றன. ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கி) மாட்டும் ரெயிலில் ஒரு ஸ்க்ரூ கோணலாக ஏறி நிற்கிறது, மரை கெட்டிருக்கிறது. கட்டைக்கும் குழலுக்கும் நடுவே இடைவெளி ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குழல் வாயருகே துருப்புள்ளிகள் வேறு.

டீலரிடம் போனால் முதலில் 'பழகப் பழகச் சரியாகிடும் சார்' என்றார். அடுத்த முறை 'உங்க கை சரியில்லை' என்றார். மூன்றாம் முறை பில்லைத் திருப்பிக் காட்டினார்: விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது. வாரண்டி கார்டும் இல்லை.

எங்கள் டூல் ரூமில் என் நண்பன் இருக்கிறான். மைக்ரான் கணக்கில் வேலை செய்பவன். சேம்பரை பாலிஷ் பண்ணி, குழல் வாயில் அரை இஞ்ச் வெட்டி முகத்தைப் புதிதாகக் கடைந்து தருகிறேன் என்கிறான். செய்யலாமா? துப்பாக்கிக்கெல்லாம் நுகர்வோர் கோர்ட் உண்டா, இல்லை போலீஸ்தானா? புகார் கொடுத்தால் லைசென்ஸுக்கு ஆபத்து வருமா? கம்பெனிக்கே கூரியரில் அனுப்பலாமா? எதுவுமே வேண்டாம் என்று கிளப் நண்பர் ஒருவருக்கு விற்றுவிடலாமா?

இன்னொன்று, போன வாரம் ஒரு ஓடு அடிவிளிம்புப் பக்கம் கிழிந்து வந்தது. கன்னத்தில் சுருக்கென்று ஏதோ பட்டது. மட்டமான தோட்டா என்று விட்டுவிட்டேன்."

கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். பணம், பில், நுகர்வோர் ஆணையம் எல்லாம் அதற்கு அப்புறம்.

இன்றோடு சுடுவதை நிறுத்துங்கள்

ஓடு கிழிந்து, கன்னத்தில் சூடு பட்டது என்றால் வெடிவாயு முன்னால் போகாமல் பின்பக்கமாகக் கசிந்திருக்கிறது. தோட்டா மட்டமாக இருந்திருக்கலாம், உண்மைதான். ஆனால் போல்ட் முழுசாக இறங்காத துப்பாக்கியில் ஓடு கிழிந்தால், தோட்டாவின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு அடுத்த பெட்டியைத் திறக்க முடியாது. பாயின்ட் 22 தோட்டாவுக்கு விளிம்புதான் உயிர்நிலை. வெடிமருந்தைப் பற்றவைக்கும் கலவை அந்த விளிம்புக்குள்ளேதான் இருக்கிறது, சேம்பரில் தோட்டா நிற்பதும் அந்த விளிம்பின் பலத்தில்தான். போல்ட் முகத்துக்கும் சேம்பர் வாய்க்கும் நடுவே விளிம்பு உட்காரும் இடம் ஏறத்தாழ 1.1 மில்லிமீட்டர். அது கூடினாலும் குறைந்தாலும் நீங்கள் எழுதியிருக்கும் தொல்லைகளில் பாதி வரும். அந்த அளவைப் பார்க்கத் தனி கேஜ்கள் உண்டு. பழுது பார்க்கும் உரிமம் உள்ள ஆர்மரர் ஒருவர் கேஜ் வைத்துப் பார்த்து "சரி" என்று எழுதித் தரும்வரை அந்த ரைஃபிளில் ஒரு தோட்டாகூட ஏறக் கூடாது. "நீ ஒரு தடவை சுட்டுப் பாரேன்" என்று கிளப்பில் இன்னொருவர் கையிலும் கொடுக்காதீர்கள்.

வெடிக்காத தோட்டாவை என்ன செய்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. உடனே போல்ட்டைத் திறந்துவிடுவீர்கள் என்று நினைக்கிறேன். கிளப் துப்பாக்கிக்கும் சேர்த்தே சொல்கிறேன்: அடித்தும் வெடிக்கவில்லை என்றால், குழல் இலக்கைப் பார்த்தபடியே குறைந்தது 30 விநாடி காத்திருங்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டா அபூர்வம்தான். போல்ட் திறந்த நேரத்தில் அது வெடித்தால் முகத்துக்கு நேரே வெடிக்கும்.

ஆறு குறை இல்லை, இரண்டு குறையாக இருக்கலாம்

நான் வக்கீல், ஆர்மரர் இல்லை. ஆனால் ஒரு பொருளின் குறையை ஆணையத்தின் முன் வைக்க வேண்டுமென்றால் அது எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சமாவது தெரிந்தாக வேண்டும். உங்கள் பட்டியலை அப்படிப் படித்தபோது சில விஷயங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வந்தன.

முதலில், இறுகிய போல்ட், சிக்கும் ஓடு, இரண்டாம் அடியில் வெடிக்கும் தோட்டா. இந்த மூன்றும் ஒரே இடத்திலிருந்து வரக்கூடும். சேம்பர் இறுக்கமாகவோ சொரசொரப்பாகவோ இருந்தால் தோட்டா முழுசாக உட்காராது. அப்போது முதல் அடியின் வேகம் தோட்டாவை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும்; விளிம்பு நசுங்கி வெடிக்கும் அளவுக்கு மிச்சம் இருக்காது. இப்போது தோட்டா உட்கார்ந்துவிட்டதால் இரண்டாம் அடியில் வெடிக்கிறது. தோட்டாவை அடிக்கும் ஊசியில் குறை இருந்தாலோ ஸ்பிரிங் பலவீனமாக இருந்தாலோ வேறு மாதிரி வரும்: பல தோட்டாக்களில் குறி மேலோட்டமாக விழும், இரண்டாம் அடியிலும் பல வெடிக்காது. உங்கள் காலி ஓடுகளின் விளிம்பில் விழுந்திருக்கும் குறியே பாதி கதையைச் சொல்லிவிடும். அவற்றைத் தூக்கிப் போடாதீர்கள்.

இங்கே உங்களுக்கு எதிராக ஒரு வார்த்தை. வாங்கியதும் குழலுக்குள் துணி விட்டு இழுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். சேம்பரையும் போல்ட்டின் உட்பக்கத்தையும் சுத்தம் செய்ததாக எங்கேயும் இல்லை. துருப் பிடிக்காமல் இருக்கத் தொழிற்சாலையில் பூசும் கிரீஸ் போல்ட்டுக்குள் கெட்டியாகிக் கிடந்தால் ஊசி மெதுவாகத்தான் போகும். தோட்டாவின் மெழுகும் ஈயமும் சேம்பர் ஓரத்தில் படிந்தால் நல்ல துப்பாக்கியே இறுகும். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்: "கையேட்டில் சொன்னபடி சுத்தம் செய்தீர்களா?" அதனால் ஆர்மரர் பார்க்கும்போது, சுத்தம் செய்வதற்கு முன் ஒரு குறிப்பும் பின் ஒரு குறிப்பும் எழுதச் சொல்லுங்கள். சுத்தம் செய்ததும் குறை போய்விட்டால் வழக்கே தேவைப்படாது. போகவில்லை என்றால் அந்த வாதம் அவர்களுக்குக் கிடைக்காது.

அடுத்து, சிதறல். "என் கோச்சின் ரைஃபிளில் எல்லாம் ஒரே ஓட்டையில் போகிறது" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒப்பீட்டை விட்டுவிடுங்கள். 50 மீட்டர் போட்டி இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். அதற்குள் தொடர்ந்து போட வேண்டும் என்று செய்யப்படும் மேட்ச் ரைஃபிளின் விலையும் வேறு, ஜாதியும் வேறு. நீங்கள் வாங்கியது ஸ்போர்ட்டிங் ரைஃபிள். ஐந்து குண்டுகள் இரண்டரை, மூன்று சென்டிமீட்டருக்குள் விழுந்தால் அதைக் குறை என்று எந்த ஆணையமும் சொல்லாது. ஆனால் உள்ளங்கை அகலம் என்பது எந்தப் புது ரைஃபிளுக்கும் அழகில்லை. மரை கெட்ட ஸ்க்ரூவில் நிற்கும் ரெயிலின் மேல் ஸ்கோப் உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு குண்டுக்கும் அது மயிரிழை நகர்ந்தாலே இந்தச் சிதறல் வந்துவிடும். குழல் கட்டையில் ஒரு பக்கம் உரசுவதும் சேர்ந்துகொள்ளலாம். அதாவது குழலில் ஒரு குறையும் இல்லாமலேயே இவ்வளவும் நடந்திருக்கலாம். அப்படியென்றால் உங்கள் நண்பர் வெட்டப் பார்க்கும் குழல் வாய் இந்த வழக்கில் நிரபராதி.

துருவைப் புகாரில் சேர்க்காதீர்கள். நான்கு மாதம் பெரம்பூர் காற்றில், அதிலும் ஸ்பாஞ்ச் வைத்த பெட்டிக்குள் மூடி வைத்திருந்தால், எந்த இரும்பும் புள்ளி போடும். ஸ்பாஞ்ச் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெளியே எடுத்துத் துடைத்து, மெல்லிசாக எண்ணெய் போட்டு, பூட்டிய அலமாரியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். பலவீனமான ஒரு புகார் நல்ல மூன்று புகார்களையும் கீழே இழுத்துவிடும்.

டூல் ரூம் நண்பர் வேண்டவே வேண்டாம்

உங்கள் நண்பரின் கைத்திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிரச்சினை திறமையில் இல்லை. ஆயுதச் சட்டம், 1959, பிரிவு 5 துப்பாக்கியைத் தயாரிப்பது, விற்பதோடு பழுது பார்ப்பதையும் சோதிப்பதையும்கூட உரிமம் இல்லாமல் செய்யக் கூடாது என்கிறது. பிரிவு 6 இன்னும் நேரடியானது: உரிமம் இல்லாமல் துப்பாக்கிக் குழலின் நீளத்தைக் குறைக்கக் கூடாது. "அரை இஞ்ச்தானே" என்பதற்கு அதில் இடமில்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு பிரிவு 25(1)-இன்படி இவற்றுக்குத் தண்டனை 7 ஆண்டுக்குக் குறையாத சிறை, ஆயுள் வரை போகலாம். சேம்பரை பாலிஷ் போட்டவருக்கு இதுவா என்று நீங்கள் கேட்கலாம். சட்டம் கள்ளத் துப்பாக்கிப் பட்டறைகளை நினைத்து எழுதப்பட்டது, உண்மை. ஆனால் அதன் வாசகத்தில் நல்ல நண்பருக்கு விலக்கு எதுவும் இல்லை.

ஒரு ராத்திரி ரைஃபிளை டூல் ரூமில் விட்டுவிட்டு வந்தால் இன்னொரு சிக்கல். லைசென்ஸ் உங்கள் பெயரில். துப்பாக்கி அவர் கையில். அது பிரிவு 3, அதாவது உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது. மாட்டுவது நீங்கள் இருவர் மட்டுமல்ல, அந்தப் பட்டறை முதலாளியும் பதில் சொல்ல வேண்டி வரும்.

இதெல்லாம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் உங்கள் வழக்கு அன்றோடு முடிந்தது. குழலைத் தொட்ட மறுநிமிடம் "இது நாங்கள் கொடுத்த பொருளே இல்லை" என்று கம்பெனி சொல்லும், அதற்கு உங்களிடம் பதில் இருக்காது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பியதற்கே சேம்பர் வாயில் கீறல் விழுந்திருக்கும். இனி நெம்பாதீர்கள். இதுவரை நடந்ததை மறைக்கவும் வேண்டாம். "ஓடு சிக்கியதால் இப்படி எடுக்க நேர்ந்தது" என்று நீங்களே முதல் கடிதத்தில் எழுதிவிட்டால் அது விளக்கம். அவர்கள் கண்டுபிடித்துச் சொன்னால் அது குற்றச்சாட்டு.

பிறகு எதைத்தான் நீங்களே செய்யலாம்? கையேடு சொல்லும் சுத்தம், எண்ணெய், போட்டோ எடுப்பது. அவ்வளவுதான். ரெயில் ஸ்க்ரூவைக்கூட இப்போது இருக்கும் கோலத்திலேயே விட்டுவையுங்கள். அந்தக் கோணல்தான் சாட்சி.

வாரண்டி கார்டு இல்லாவிட்டால் என்ன?

வாரண்டி கார்டு இல்லாததால் உரிமை இல்லை என்று நினைத்திருக்கிறீர்கள். அப்படி இல்லை. சரக்கு விற்பனைச் சட்டம், 1930, பிரிவு 16-இன்படி, இந்த வகைப் பொருளையே விற்பவர் தருவது வாங்கும் நோக்கத்துக்குப் பொருத்தமாகவும் விற்கத் தகுந்த தரத்திலும் இருக்க வேண்டும். யாரும் எழுதித் தராவிட்டாலும் அந்த நிபந்தனை விற்பனையோடு சேர்ந்தே வருகிறது. தட்டினால்தான் மூடும் போல்ட் அந்தத் தரத்தில் வராது.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற ரப்பர் ஸ்டாம்புக்கும் நீங்கள் பயப்படும் அளவுக்கு மதிப்பில்லை. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர மறுப்பது, பில்லில் காலம் எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள் தர மறுப்பது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இல் நியாயமற்ற வணிக நடைமுறை என்றே சொல்லப்பட்டிருக்கிறது. ரங்கநாதன் தெரு புடவைக் கடையோ துப்பாக்கிக் கடையோ, இந்த விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான்.

ஆனால் ஒரு பள்ளம் இருக்கிறது. பொருளை வாங்கி நியாயமான காலத்துக்கும் மேல் வைத்துக்கொண்டு, "இது எனக்கு வேண்டாம்" என்று சொல்லாமலே இருந்தால், நீங்கள் அதை ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். நான்கு மாதமாக நீங்கள் சொன்னதெல்லாம் வாய்மொழி. முதல் மாதத்தில் டீலருக்கு அனுப்பிய இரண்டு வாட்ஸ்அப் செய்திகள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவைதான் இப்போது உங்கள் கையில் இருக்கும் நல்ல ஆவணம். போனை மாற்றிவிடாதீர்கள். மின்னணு ஆதாரத்தை முன்வைக்கும்போது பாரதிய சாட்சிய அதிநியம், 2023, பிரிவு 63-இன்படி ஒரு சான்றிதழ் சேர்க்க வேண்டும். அதற்கு மூலப் போன் இருந்தால் சிக்கல் குறைவு.

எழுதுங்கள், பிறகு கொண்டுபோங்கள்

இந்த வாரமே டீலருக்கும் கம்பெனிக்கும் ஒரே கடிதத்தை அனுப்புங்கள். இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். வாங்கிய தேதி, பில் எண், துப்பாக்கியின் வரிசை எண், எந்தத் தேதியில் என்ன நடந்தது, எந்தத் தோட்டா, பெட்டியின் லாட் எண் என்ன. ஓடு கிழிந்ததைத் தனிப் பத்தியாக, முதலில் எழுதுங்கள். கோபத்தைக் கடிதத்தில் காட்டாதீர்கள். 15 நாளுக்குள் பரிசோதித்து எழுத்தில் பதில் தர வேண்டும், குறை உறுதியானால் மாற்றித் தர வேண்டும் அல்லது பணத்தைத் திருப்ப வேண்டும் என்று கேளுங்கள். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றை எடுத்து வையுங்கள். வக்கீல் நோட்டீஸ் கட்டாயமில்லை. முதல் கடிதம் வக்கீலின் தலைப்புத்தாளில் போனால், பேசித் தீர்க்க நினைக்கும் கடைக்காரரும் விறைத்துக்கொள்வார் என்பது என் அனுபவம்.

கூரியர் வேண்டாம். துப்பாக்கியைக் கட்டி, "மெஷின் பாகம்" என்று எழுதி அனுப்பியவர்களை எனக்குத் தெரியும். நீங்களே லைசென்ஸோடு நேரில் கொண்டுபோங்கள். தோட்டாவைத் தனியாக வையுங்கள், முடிந்தால் கொண்டுபோகவே வேண்டாம். உடல்நலம் சரியில்லாமல் வேறொருவர் கொண்டுபோக நேர்ந்தால், பழுது பார்க்க எடுத்துச் செல்வதற்கு உங்கள் எழுத்துப்பூர்வ அனுமதி அவர் கையில் இருக்க வேண்டும். ஆயுதச் சட்டம் பிரிவு 3-இலேயே அதற்கு இடமுண்டு. அந்த டீலருக்குப் பழுது பார்க்கும் உரிமம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். விற்கும் உரிமம் இருப்பதாலேயே அது இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஒப்படைக்கும்போது ரசீது வாங்காமல் படியிறங்காதீர்கள். ரசீதில் வரிசை எண், தேதி, "பரிசோதனைக்காக" என்ற சொல், அப்போதைய நிலை, எல்லாம் இருக்கட்டும். போல்ட் இறங்காததை அங்கேயே, வெடிமருந்து இல்லாத டம்மி தோட்டாவை வைத்து, அவர் முன்னாலேயே வீடியோ எடுங்கள். "என்ன செய்யப் போகிறீர்களோ அதை எழுத்தில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்" என்றும் எழுதிக் கொடுங்கள். சத்தமில்லாமல் இரண்டு பாகத்தை மாற்றி, "பார்த்தீர்களா, ஒன்றுமே இல்லை" என்று திருப்பித் தருவது பைக் சர்வீஸில் மட்டும் நடப்பதில்லை.

ஆர்மரர் பாதுகாப்பானது என்று சொன்ன பிறகு சிதறலைச் சோதிக்கலாம். சுடுதளத்தில், மணல் மூட்டை மேல் ரைஃபிளை ஊன்றி வைத்து, மூன்று வகைத் தோட்டாக்களில் ஒவ்வொன்றுக்கும் சில ஐந்து குண்டு அட்டைகள். பாயின்ட் 22 குழல்களுக்கு ஒரு தோட்டா பிடிக்கும், இன்னொன்று பிடிக்காது; ஒரே பெட்டியை வைத்து முடிவு கட்டக் கூடாது. கிளப் விதி அனுமதித்தால் உங்கள் முன்னிலையில் கோச்சும் சுடட்டும். அட்டைகளில் தேதியும் அவர் கையெழுத்தும் இருந்தால் "உங்க கை சரியில்லை" என்ற பேச்சு அங்கேயே நின்றுவிடும். அவர் சுட்டவை இரண்டரை சென்டிமீட்டருக்குள் விழுந்தால், மன்னிக்கவும், டீலர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

ஆணையம் போனால்

துப்பாக்கிக்கு நுகர்வோர் ஆணையம் உண்டா என்றால், உண்டு. லைசென்ஸ் வேண்டிய பொருள் என்பதால் அது பொருள் இல்லை என்று ஆகிவிடாது. சொந்த விளையாட்டுக்காக வாங்கிய நீங்கள் நுகர்வோர்தான். போலீஸுக்கும் இந்தத் தகராறுக்கும் சம்பந்தமில்லை. துப்பாக்கியைப் பற்றியது என்பதற்காகக் காவல் நிலையத்தில் போய் டீலர் மேல் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு அலையாதீர்கள்.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்து பாருங்கள். செலவில்லை, சில கம்பெனிகள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வருகின்றன. பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 50 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அதுதான் இடம். 2019 சட்டத்தில் ஒரு நல்ல மாற்றம், வாங்கியவர் குடியிருக்கும் இடத்திலேயே தாக்கல் செய்யலாம் என்பது. கம்பெனி வேறு மாநிலத்தில் இருந்தாலும் நீங்கள் ரயில் ஏற வேண்டாம். பெரம்பூர் முகவரிக்குப் பெரும்பாலும் சென்னை வடக்கு. தாக்கல் செய்யும் முன் எல்லையை ஒரு முறை விசாரித்து உறுதி செய்துகொள்ளுங்கள். 5 லட்சத்துக்கு உட்பட்ட பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இணைய வழியிலும் தாக்கல் செய்யலாம். வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம்; நான் வக்கீலாக இருந்துகொண்டு சொல்கிறேன், இந்த வழக்கில் முதல் படிகளுக்கு வக்கீல் தேவையில்லை, நிபுணர் அறிக்கை வரும் கட்டத்தில்தான் தேவைப்படலாம். காலக்கெடு, பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டு.

டீலர், கம்பெனி இருவரையும் எதிர்த்தரப்பில் சேருங்கள். ஒருவரை விட்டால் மற்றவர் அவரைக் கை காட்டுவார்.

பொருளைப் பரிசோதிக்காமல் குறையை முடிவு செய்ய முடியாது என்றால், அதை முத்திரையிட்டு உரிய ஆய்வகத்துக்கு அனுப்பும் அதிகாரம் ஆணையத்துக்குப் பிரிவு 38-இல் இருக்கிறது. ஆய்வகம் 45 நாளில் அறிக்கை தர வேண்டும். பரிசோதனைக் கட்டணத்தை முதலில் உங்களையே கட்டச் சொல்லலாம். இங்கே மயிலாப்பூரில் உள்ள தமிழ்நாடு தடய அறிவியல் துறையில் துப்பாக்கிகளை ஆராயும் பிரிவு இருக்கிறது. எங்கே அனுப்புவது என்பது ஆணையத்தின் முடிவு என்றாலும், மனுவிலேயே ஓர் அரசு ஆய்வகத்தைக் கேட்டு வையுங்கள். துப்பாக்கி யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்பதும் உத்தரவிலேயே வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பரிசோதனை தேவைப்படும் வழக்கை 5 மாதத்தில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் அதைவிட நீளும், அதற்கும் மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். நடுவில் சமரசத்துக்கு அனுப்பினால் முறைத்துக்கொள்ள வேண்டாம். டீலர் உங்களிடம் எரிந்து விழுந்த அதே விஷயத்தில், சமரச மேசையில் கம்பெனியின் ஆள் ஒருவர் "மாற்றித் தருகிறோம்" என்று சொல்லிவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

கன்னத்தில் சுட்டதற்கு நஷ்டஈடு கேட்கலாமா என்றால், காயம் எதுவும் இல்லாத நிலையில் அதைப் பெரிதாக்குவதில் அர்த்தமில்லை. உடலுக்குச் சேதம் வந்தால் உற்பத்தியாளரின் பொறுப்பு என்று தனி அத்தியாயமே 2019 சட்டத்தில் இருக்கிறது. ஆனால் பொருளுக்கே வந்த சேதம் அதில் வராது. உங்கள் கோரிக்கை மாற்றுத் துப்பாக்கி அல்லது வட்டியோடு பணம், செலவுத் தொகை, அவ்வளவோடு நிற்கட்டும்.

லைசென்ஸ் பற்றிய பயம்

குறையுள்ள பொருளைப் பற்றிப் புகார் சொன்னதற்காக லைசென்ஸை ரத்து செய்ய முடியாது. ரத்துக்கான காரணங்கள் ஆயுதச் சட்டம் பிரிவு 17-இல் இருக்கின்றன: பொது அமைதி, தகவலை மறைத்தது, நிபந்தனையை மீறியது போன்றவை. பயப்பட வேண்டியது அந்தக் கடைசிக் காரணத்துக்குத்தான். டூல் ரூம், கூரியர், ரசீதில்லாத கைமாற்றம் எல்லாம் அங்கேதான் கொண்டுபோய் விடும்.

மாற்றுத் துப்பாக்கி தருகிறோம் என்று டீலர் சொன்னால் சந்தோஷத்தில் அப்படியே வாங்கி வந்துவிடாதீர்கள். உங்கள் லைசென்ஸில் ஏறியிருப்பது பழைய வரிசை எண். புதியது கைக்கு வரும் முன் வேப்பேரி காவல் ஆணையர் அலுவலகத்தில் எழுத்தில் தெரிவித்து, பழையதை நீக்கிப் புதியதைச் சேர்க்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு, அதன்படி செய்யுங்கள். பணம் திரும்ப வந்தாலும் இதே கதைதான். லைசென்ஸில் துப்பாக்கி வாங்கக் குறித்த காலம் முடிந்திருந்தால் அதை நீட்டிக்க விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். நடுவில் தேர்தல் அறிவிப்பு வந்து துப்பாக்கியை ஒப்படைக்கச் சொன்னால், ஒப்படைக்கும் முன் எல்லாக் கோணத்திலும் போட்டோ எடுத்து வையுங்கள், நிலையத்து ரசீதையும் வழக்குக் கோப்பில் சேருங்கள்.

யூடியூபில் போட்டு நாறடிக்கிறேன் என்று கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரி இருக்கிறது. அவதூறு வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்று ஊருக்கே அறிவிக்க வேண்டுமா?

கடைசியாக, கிளப் நண்பருக்கு விற்பது. சட்டப்படி முடியும். உங்கள் சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் துப்பாக்கியை, வைத்துக்கொள்ள உரிமம் உள்ள ஒருவருக்கு விற்கலாம். ஆனால் விற்கப்போவதை மாவட்ட மாஜிஸ்திரேட் அதிகாரம் உள்ளவரிடமோ அருகில் உள்ள காவல் நிலையத்திலோ எழுத்தில் தெரிவித்து, குறைந்தது 45 நாள் காத்திருக்க வேண்டும். அவருடைய லைசென்ஸில் இந்த வகைக்கு இடமும் இருக்க வேண்டும். 2019-க்குப் பிறகு ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது; அங்கீகாரம் பெற்ற ரைஃபிள் கிளப் உறுப்பினர் இலக்குப் பயிற்சிக்குப் பயன்படுத்தும் பாயின்ட் 22 ரைஃபிளுக்கு அதில் விலக்கு உண்டு. இதெல்லாம் சரியாக இருந்தாலும் இப்போது விற்காதீர்கள். ஓடு கிழித்த துப்பாக்கியைக் குறை சொல்லாமல் விற்றால் அடுத்த கன்னம் உங்கள் நண்பருடையது, அப்போது எதிர்த்தரப்பில் டீலர் நிற்க மாட்டார், நீங்கள் நிற்பீர்கள். குறையைச் சொல்லி விற்றால் கிடைக்கும் விலையை, ஆணையத்தில் கிடைக்க வாய்ப்புள்ள முழுத் தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஆர்மரர் அறிக்கை கைக்கு வந்ததும், கேஜ் என்ன காட்டியது என்பதை மட்டும் எனக்கு எழுதுங்கள். மனுவில் எந்தக் குறையை முதலில் வைப்பது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.